வயிறு ‘போதும்’ என்று சொல்லும் வழி

1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தின் பார்வையாளர் வரிசைகளுக்கு அடியில் இருந்த அறைகளில் 36 இளைஞர்கள் வந்து தங்கினார்கள். ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தரவில்லை என்று போருக்குப் போக மறுத்தவர்கள். அதற்குப் பதிலாகப் பொதுச் சேவை செய்ய முன்வந்தவர்கள். உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் அவர்களிடம் கேட்டது, ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் இருக்க வேண்டும் என்பதை. போரில் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களுக்கு எதை, எவ்வளவு கொடுத்துத் தேற்றுவது என்று அவர் கண்டறிய விரும்பினார்.

முதல் மூன்று மாதம் வழக்கமான சாப்பாடு. அதன்பின் 24 வாரம் உருளைக்கிழங்கு, டர்னிப், முட்டைக்கோஸ், கறுப்பு ரொட்டி, மக்ரோனி என்று அளந்து வைத்த தட்டு. வாரந்தோறும் 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கு கரைந்தது. எடை கரைந்ததைவிட, அவர்களுடைய மனம் போன போக்குதான் கீஸின் குழுவைத் திகைக்க வைத்தது. அதுவரை சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரித்து ராத்திரியில் படித்தார்கள். தட்டில் இருந்ததைத் தண்ணீர் விட்டுப் பெருக்கி, மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள். கடைசியில் தட்டை நக்கினார்கள். பேச்சும் கனவும் சாப்பாடாகவே இருந்தன.

கட்டுப்பாடு தளர்ந்து வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றானபோதுதான் இந்தக் கட்டுரைக்கு வேண்டிய காட்சி நடந்தது. சிலர் இனி ஒரு கவளம்கூட இறங்காது என்ற நிலை வரை சாப்பிட்டார்கள். வயிறு வலித்தது. ஆனாலும் பசிக்கிறது என்றார்கள். ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் இரைப்பையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. சிலருக்கு இந்த அடங்காத பசி மாதக்கணக்கில் நீடித்தது. கீஸ் இதையெல்லாம் 1950இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார்.

இவர்கள் உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பசியை வேண்டுமென்றே ஏற்றவர்கள். பெரும்பாலானவர்கள் ஆறு மாதம் அதைத் தாங்கியும் காட்டினார்கள். மன உறுதி இல்லாதவர்கள் என்று இவர்களைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. அப்படியிருந்தும் சிலரால் கையை எடுக்க முடியவில்லை. ‘வாயைக் கட்டத் தெரியவில்லை’ என்று நாம் ஒருவரைப் பழிக்கும் ஒவ்வொரு முறையும் இந்த 36 பேரை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு சமையலறை விளக்கைப் போடாமல் ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடி மீந்த சோறு, அதன்மேல் குழம்பு, பிறகு பிஸ்கட் பாக்கெட், பிறகு மிக்சர் என்று, ருசிகூடத் தெரியாத வேகத்தில் தின்றுகொண்டிருக்கும் ஒருவருக்குப் பெரும்பாலும் பசி இருக்காது. நிறுத்த வேண்டும் என்ற நினைப்பு இருக்கும், நிறுத்த முடியாது. முடிந்ததும் வயிறு கனக்கும். அதைவிட வெட்கம் கனக்கும். காலி பாக்கெட்டைக் குப்பையில் அடியில் திணித்துவிட்டு வந்து படுப்பார்கள். காலையில் எழுந்ததும், நேற்றுத் தின்றதற்கு ஈடாக இன்று சாப்பிடவே கூடாது என்று முடிவெடுப்பார்கள்.

இதை மருத்துவ உலகம் கவனித்தது 1959இல். உடல் பருமன் உள்ளவர்களில் ஒரு பகுதியினர் இப்படிக் கட்டுமீறி உண்பதை அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு அப்போது எழுதினார். தின்றதை வாந்தியாலும் வேறு வழிகளாலும் வெளியேற்ற முயலும் புலிமியா நோயை லண்டனில் ஜெரால்டு ரஸ்ஸல் 1979இல் விவரித்தார். அப்படி வெளியேற்றாமல் கட்டுமீறி உண்பதை மட்டும் தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு ஏற்றது 2013இல்தான். விருந்தில் இரண்டு லட்டு கூடுதலாகச் சாப்பிடுவது இந்தக் கணக்கில் வராது. வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதத்துக்காவது, கட்டுப்பாடு கைநழுவிப் போகும் உணர்வோடு நடந்தால்தான் மருத்துவர்கள் அதை பிஞ்ச் ஈட்டிங் நோய் என்பார்கள். பெண்களுக்கு மட்டுமே வருவது என்பதும் தவறு. ஆண்களிலும் கணிசமானவர்களுக்கு இது உண்டு. வெளியே சொல்வதுதான் குறைவு.

நமக்கு ‘போதும்’ என்று சொல்வது யார்? மனம் என்று நினைக்கிறோம். மனத்துக்கு அந்தச் செய்தியைக் கொடுப்பது குடல். குடல் ரத்தத்தின் வழியாகப் பேசும் என்பதை 1902இல் லண்டனில் வில்லியம் பேலிஸும் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் கண்டார்கள். நரம்புத் தொடர்பைத் துண்டித்த குடல் பகுதியில் அமிலம் பட்டபோதும் கணையம் நீர் சுரந்தது. செய்தியைச் சுமந்து போன பொருளுக்கு செக்ரெட்டின் என்று பெயரிட்டார்கள். ஹார்மோன் என்ற சொல்லை ஸ்டார்லிங் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது அதற்குப் பின், 1905இல். ஆக, ஹார்மோன் அறிவியலே குடலில் பிறந்ததுதான்.

ஒரு வேளைச் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டு நேரம் நெருங்கும்போதே இரைப்பையின் மேற்பகுதிச் சுவரிலிருந்து கிரெலின் சுரந்து ரத்தத்தில் ஏறுகிறது. ஜப்பானியர்களான மசயாசு கோஜிமாவும் கென்ஜி காங்காவாவும் 1999இல் கண்டுபிடித்த ஹார்மோன் இது. 28 அமினோ அமிலங்களால் ஆன சிறு சங்கிலி. அதன் மூன்றாவது கண்ணியில் ஒரு கொழுப்பு அமிலம் ஒட்டினால்தான் வேலை செய்யும். மூளையின் ஹைப்போதலாமஸில் உள்ள பசி நரம்பணுக்களைத் தட்டி எழுப்புவது அதன் ஒரு வேலை. மற்றொன்று, எதிலாவது இன்பம் கிடைக்கும் என்றால் அதை நாடச் செய்யும் டோபமின் பாதையைக் கூர்மையாக்குவது. பசித்த நேரத்தில் கடைத்தெருவில் நடந்தால் பஜ்ஜி வாசனை பத்து மடங்கு இழுப்பதற்கு இந்த இரண்டாவது வேலையும் காரணம்.

முதல் கவளங்கள் இறங்கியதும் இரைப்பையின் மேற்பகுதி தளர்ந்து இடம் கொடுக்கிறது. சுவர் விரிவதை அங்குள்ள நரம்பு முனைகள் உணர்ந்து வேகஸ் நரம்பின் வழியாக மூளைத்தண்டுக்குச் சொல்கின்றன. வேகஸ் நரம்பின் இழைகளில் சுமார் 80 சதவீதம் வயிறு உள்ளிட்ட உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றன. மூளை வயிற்றுக்குச் சொல்வதைவிட, வயிறு மூளைக்குச் சொல்வதே அதிகம்.

ஆனால் விரிவு மட்டும் நிறைவு ஆகாது. தண்ணீரைக் குடித்து வயிற்றை நிரப்பிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உணவு கூழாகிச் சிறிது சிறிதாக முன்சிறுகுடலுக்குள் நுழைய வேண்டும். அங்கே கொழுப்பும் புரதமும் பட்டதும் கோலிசிஸ்டோகைனின் சுரக்கிறது. பித்தப்பையைச் சுருக்கும் பொருளாக 1928இல் இதைக் கண்டார்கள். எலிகளுக்குக் கொடுத்தால் அவை சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொள்கின்றன என்பது 1973இல்தான் தெரிந்தது. இது இரைப்பையின் வாயிலை இறுக்கி, அடுத்த தவணை இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. அதே நேரத்தில் வேகஸ் நரம்பிடம் ‘வந்துவிட்டது’ என்கிறது. உணவு இன்னும் கீழே போகப்போக, சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் பெருங்குடலிலும் நிறைந்திருக்கும் எல் அணுக்கள் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற இரண்டையும் சுரக்கின்றன. இவை இரைப்பையை மேலும் நிதானப்படுத்தி, அடுத்த வேளை வரைக்குமான நிறைவைத் தருகின்றன. இதற்கிடையே கிரெலின் இறங்கிவிட்டிருக்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் இருக்கிறது. நிறைவுச் செய்திகள் கிளம்ப நேரம் பிடிக்கிறது. கோலிசிஸ்டோகைனின் நன்றாக ஏறவே கால் மணி நேரம் ஆகும். பிஒய்ஒய் உச்சத்தைத் தொட ஒரு மணி நேரத்துக்கும் மேல். பத்து நிமிடத்தில் ஒருவர் நான்கு பேர் சாப்பாட்டை உள்ளே தள்ளிவிட்டால், ரயில் கிளம்பிய பிறகு பிளாட்பாரத்துக்கு ஓடி வருபவரைப் போல இந்தச் செய்திகள் வந்து சேரும். அப்போது அவை நிறைவாக உணரப்படுவதில்லை. குமட்டலாகவும் வயிற்று வலியாகவும்தான் தெரிகின்றன.

எந்த உணவு என்பதும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு வாரங்களில் அவர்கள் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். வேகமாகவும் சாப்பிட்டார்கள். பதப்படுத்தாத உணவு வாரங்களிலோ பிஒய்ஒய் கூடுதலாகவும் கிரெலின் குறைவாகவும் இருந்தன. மெல்ல அதிகம் வேலை வைக்காத, தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும் உணவுகளே பிஞ்ச் ஈட்டிங் இரவுகளில் பெரும்பாலும் கைக்கு வருகின்றன.

கட்டுமீறி உண்பவர்களின் வயிற்றில் என்னதான் வேறாக இருக்கிறது? இங்கே ஆய்வுகள் எதிர்பார்த்த விடையை மட்டும் தரவில்லை. 1988இல் புலிமியா உள்ள பெண்களைச் சோதித்தபோது, சாப்பிட்ட பிறகு அவர்களுக்குக் கோலிசிஸ்டோகைனின் குறைவாகவே சுரந்தது. நிறைவும் குறைவாகவே இருந்தது. மருந்து கொடுத்துக் குணம் கண்ட சிலரிடம் அந்தச் சுரப்பு தேறியது. நியூயார்க்கில் ஆலன் கெலிபெட்டர் இரைப்பைக்குள் பலூனை இறக்கி அதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் நிரப்பி அளந்தார். கட்டுமீறி உண்பவர்களின் இரைப்பை மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாகக் கொண்டது. ஒரே மூச்சில் பெருமளவு உண்டு பழகிய இரைப்பை விரிந்து கொடுக்கப் பழகிவிடுகிறது, ‘நிரம்பிவிட்டது’ என்ற செய்தி தாமதமாகக் கிளம்புகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். நிரந்தரமான மாற்றமும் இல்லை இது. சாப்பாட்டின் அளவு குறைந்த சில வாரங்களில் இரைப்பையின் கொள்ளளவும் குறைந்ததை அவரே பதிவு செய்திருக்கிறார்.

வியப்பு கிரெலினில்தான். பசி ஹார்மோன் இவர்களுக்கு ஏகமாகச் சுரக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். பிஞ்ச் ஈட்டிங் நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் அது குறைவாக இருந்தது. அதிகம் உண்ணும் உடல் தன் பசிச் சத்தத்தைத் தானே தாழ்த்திக்கொள்கிறது என்பதே பொருந்தும் விளக்கம். சாப்பாட்டுக்குப் பின் அது இறங்க வேண்டிய அளவுக்கு இறங்குவதும் இல்லை. பசிக்கும் நேரத்துக்கும் பசி அடங்கிய நேரத்துக்கும் இடையே உள்ள ஏற்ற இறக்கம் மழுங்கிப்போகிறது. இன்பத்தை நாடும் டோபமின் பாதை, மன அழுத்தத்தில் ஏறும் கார்ட்டிசால், தூக்கக் குறைவு, தனிமை, பழைய காயங்கள் என்று எல்லாமும் சேர்ந்துதான் கையைப் பிஸ்கட் டப்பாவுக்குள் விடுகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரு ஹார்மோன்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இவற்றில் பல மாற்றங்கள் இந்தப் பழக்கத்தின் விளைவாக வந்தவை என்றே நான் கருதுகிறேன். அதில் நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. பழக்கத்தால் மாறிய உடலைப் பழக்கத்தால் திருப்பவும் முடியும்.

இங்கேதான் காலையில் எடுக்கும் அந்த முடிவுக்கு, ‘இன்று முழுக்கச் சாப்பிட மாட்டேன்’ என்பதற்கு, வர வேண்டும். மெல்போர்னில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவில் வைத்து எடை குறையச் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. எடை குறைந்ததும் கிரெலின் ஏறியது. பிஒய்ஒய், கோலிசிஸ்டோகைனின், கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் எல்லாம் இறங்கின. இவை உடல் புது எடைக்குப் பழகும் வரை நீடிக்கும் தற்காலிக மாற்றங்கள்தானா என்ற கேள்வி இருந்தது. ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும் பெரும்பாலானவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசியும் கூடியேதான் இருந்தது. உடலுக்கு ‘டயட்’ என்று எதுவும் தெரியாது, அதற்குத் தெரிந்தது பஞ்சம் மட்டும்தான். பஞ்சம் வந்துவிட்டது என்று எல்லா ஹார்மோன்களையும் உண்ணும் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அது காத்திருக்கிறது. பகல் முழுதும் பட்டினி கிடந்தவர் ராத்திரி பத்து மணிக்கு அந்தக் காத்திருப்பின் முன் தனியாக நிற்கிறார். எல்லோருக்கும் இந்த நோய் டயட்டில்தான் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. கட்டுமீறி உண்பது முதலில் வந்து, டயட் பின்னால் வந்தவர்களும் உண்டு. எப்படித் தொடங்கியிருந்தாலும், பட்டினி இந்தச் சுழலை இறுக்குகிறது.

இதற்கான சிகிச்சையின் முதல் படி பலருக்கு நம்பக் கடினமாக இருக்கும்: நேரத்துக்குச் சாப்பிடுவது. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வளர்த்தெடுத்த பேச்சு சிகிச்சை முறையில் எடை குறைப்பது பற்றிய பேச்சே தொடக்கத்தில் இல்லை. நாளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, இடையே இரண்டோ மூன்றோ சிறு தீனி, எந்த இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. முந்தின இரவு என்ன நடந்திருந்தாலும் மறுநாள் இந்த ஒழுங்கு மாறக்கூடாது. பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே கட்டுமீறும் இரவுகள் கண்ணெதிரே குறையத் தொடங்குகின்றன. கிரெலின் நேரத்துக்குப் பழகும் ஹார்மோன் என்பதை இதனோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு நாளுக்கும் மேல் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தவர்களின் ரத்தத்தைத் தொடர்ந்து சோதித்தபோது, அவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் நேரங்களில் அது ஏறியது, சாப்பிடாமலேயே பிறகு இறங்கியது. நாம் காட்டும் நேரத்தை வயிறு கற்றுக்கொள்கிறது. அதன்பின் உடலின் தோற்றம் பற்றிய எண்ணங்கள், சாப்பாட்டால் மறைக்கப் பார்க்கும் துயரங்கள் என்று அந்தப் பேச்சு சிகிச்சை மெல்ல உள்ளே போகும்.

இப்போது எல்லோரும் கேட்பது எடை குறைக்கும் ஊசியைப் பற்றி. உடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 இரண்டு நிமிடத்தில் பாதி அழிந்துவிடும். கிலா மான்ஸ்டர் என்ற அமெரிக்கப் பாலைநிலப் பல்லியின் நஞ்சில் அதைப் போன்ற, ஆனால் நின்று வேலை செய்யும் பொருள் ஒன்று கிடைத்தது. அதிலிருந்து உருவான நீரிழிவு மருந்து 2005இல் வந்தது. அதே வழியில் பின்னால் வந்த செமாக்ளூடைடும் டிர்செபடைடும் வாரம் ஒரு ஊசி போதும் என்ற அளவுக்கு நிலைத்து நிற்பவை. எடை குறைப்புக்காக இரண்டும் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. இவற்றை எடுத்துக்கொண்டவர்களில் பலர், தலைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த சாப்பாட்டு நினைப்பு அடங்கியதாகச் சொல்கிறார்கள். அந்த ஆறுதலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பிஞ்ச் ஈட்டிங் நோய்க்கென்று இவை அங்கீகாரம் பெற்றவை அல்ல. அதற்கான ஆய்வுகள் இதுவரை சிறியவை. பட்டினி கிடப்பதும் வாந்தி எடுப்பதும் பழக்கமாகிவிட்ட ஒருவர் கையில், பசியை அழித்துக் குமட்டலைத் தரும் மருந்து ஆபத்தாக முடியலாம். எடைக்காக ஊசி எழுதும் மருத்துவர், ‘சாப்பிடத் தொடங்கினால் நிறுத்த முடியாமல் போவதுண்டா?’ என்று ஒரு கேள்வி கேட்ட பிறகே எழுத வேண்டும். அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையோ மனைவியோ கணவரோ ராத்திரியில் ஒளிந்து சாப்பிடுவது தெரிந்தால், தின்பண்டத்தைப் பூட்டி வைப்பதும், பந்தியில் எல்லோர் முன்னாலும் தட்டைப் பார்த்துப் பேசுவதும் வெட்கத்தைக் கூட்டும். வெட்கம் ஒளிவை வளர்க்கும், ஒளிவு இந்த நோயை வளர்க்கும். மனநல மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ கூடப் போய் உட்காருங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.

இதைப் படிக்கும் உங்களுக்கே அப்படி ஓர் இரவு நேற்றுக் கழிந்திருந்தால், எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் சரி, இன்றைய காலைச் சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.